நொறுங்குவதற்கென்றே ஒரு கான்கிரீட்

கேள்வி: ரன்வேயைத் தாண்டி ஓடும் விமானத்தைக் கான்கிரீட் பிடித்து நிறுத்துமாமே? மோதினால் சிதறித்தானே போகும்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நீங்கள் நினைக்கிற கான்கிரீட் என்றால் சிதறத்தான் செய்யும். 2024 டிசம்பரில் தென்கொரியாவின் முவானில், சக்கரம் இறங்காமல் வயிற்றால் தேய்த்துக்கொண்டே ரன்வேயைத் தாண்டிய விமானம், ஆன்டெனாவுக்காகக் கட்டிய கான்கிரீட் மேட்டில் மோதி 179 பேர் இறந்தார்களே, அது அந்த ரகம்.

இது வேறு. சிமென்ட் குழம்பில் நுரையைக் கலந்து இறுக விடுவார்கள். சாதாரண கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2400 கிலோ என்றால் இந்த நுரை கான்கிரீட்டை 300 கிலோவுக்குக்கூட இறக்கலாம், உள்ளே பெரும்பகுதி காற்றுதான். ரன்வே முடிகிற இடத்தில் இதைப் பாத்தி மாதிரி பதித்து வைக்கிறார்கள், போகப் போக ஆழம் கூடும். விமானத்தின் டயர் ஏறியதும் அப்பளம் போல நொறுங்கி உள்வாங்கும், முன்னால் இருப்பதையும் நொறுக்கிக்கொண்டேதான் சக்கரம் நகர முடியும் என்பதால் வேகமெல்லாம் அதிலேயே செலவாகிவிடும். ரப்பரைப் போட்டால் வாங்கிய விசையைத் திருப்பித் தள்ளும்; நொறுங்கிய குமிழ் திருப்பித் தராது, அதுதான் சூட்சுமம். கலவை கொஞ்சம் கெட்டியாகிவிட்டால் சக்கரம் மேலேயே உருண்டு போய்விடும், ரொம்ப இளகினால் பிடிக்காது, அதனால் பதம் பார்த்துத்தான் செய்யவேண்டும்.

முதலில் பதித்தது நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில், 1996-ல். 2005-ல் அங்கே ஒரு ஜம்போ சரக்கு விமானமே இதில் சிக்கி நின்றது. 2016 அக்டோபரில் அதே நியூயார்க்கின் இன்னொரு விமான நிலையமான லகார்டியாவில் மழையில் சறுக்கியது மைக் பென்ஸ் வந்த விமானம், அப்போது அவர் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர். அதையும் இதுதான் பிடித்து நிறுத்தியது. ஒருவருக்கும் காயமில்லை. நம் நாட்டிலும் மங்களூரு, கோழிக்கோடு விபத்துகளுக்குப் பிறகு இந்தப் பேச்சு அடிபட்டது. குன்றின் மேல் ரன்வே இருக்கிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான செலவு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அப்படியானால் வீட்டுச் சுவருக்கு ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) வைத்தால் நிலநடுக்கத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளுமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: வாங்கிக்கொள்ளாது. அதுவும் நொறுங்குகிற சாதிதான், ஆனால் சுவர் நொறுங்கி நமக்கென்ன லாபம்? அதன் பலன் எடையில் இருக்கிறது. எடை குறைந்தால் கட்டடத்தின் மேல் விழும் நிலநடுக்க விசையும் குறையும். மற்றபடி தாங்கவேண்டியது தூணும் பீமும், அங்கே கம்பியில் மிச்சம் பிடிக்காதீர்கள். அப்புறம், அந்தச் சுவரில் டிவி மாட்டும்போது சாதா ஆணி நிற்காது, அதற்கென்று விற்கிற சுவர் பிளக்கை (திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் உறை) கேட்டு வாங்குங்கள்.