ஆண்ட்ராய்டா, ஐபோனா: மால்வேர் ஆபத்து எதில் அதிகம்?

"ஐபோனுக்கு வைரஸே வராது, ஆண்ட்ராய்டில்தான் ஆபத்து என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையில் பார்த்தால் ஆண்ட்ராய்டில்தான் மால்வேர், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள், அதிகம். ஆனால் அது பலவீனமாகக் கட்டப்பட்டது என்று அதற்குப் பொருளில்லை. இரண்டிலுமே ஒவ்வொரு செயலியும் தனித்தனி வேலிக்குள் இயங்குகிறது; அனுமதியின்றி ஒன்று மற்றொன்றின் தரவைத் தொட முடியாது. வேறுபாடு, செயலி உள்ளே நுழையும் வாசலில்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் ஏபிகே என்ற நிறுவல் கோப்பாகச் செயலியை நிறுவலாம். என் உறவினர் ஒருவர், பார்சல் முகவரியைச் சரிபார்க்கச் சொல்லி வந்த குறுஞ்செய்தியை நம்பி அப்படி ஒன்றை நிறுவினார். அது முதலில் கேட்டது 'அணுகல்தன்மை' அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டவும் அவர்களுக்காகப் பொத்தான்களை அழுத்தவும் உருவான நல்ல வசதி அது. கெட்ட செயலியின் கையில் கிடைத்தால், ஓடிபியைப் படிப்பதும் 'சரி' என்பதை அழுத்துவதும் அதுவாகவே செய்துகொள்ளும். நீக்கலாம் என்று அமைப்புகளைத் திறந்தபோதெல்லாம் திரை தானாக முகப்புக்குத் திரும்பியது. நாம் நிறுவிய செயலிகள் இயங்காத சேஃப் மோடில் தொடங்கிய பிறகே என்னால் அதை நீக்க முடிந்தது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி தடுத்தது. (அதையும் சுற்றிப் போகும் வழியைப் பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.)

ஐபோனில் ஆப் ஸ்டோர் என்ற ஒரே வாசல் பெரும்பாலான தொல்லைகளை வடிகட்டிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல் பிற ஸ்டோர்களுக்கும் இடமுண்டு. ஆயினும் 2015இல், செயலி உருவாக்கும் எக்ஸ்கோடு மென்பொருளின் திருத்தப்பட்ட நகலை அறியாமல் பயன்படுத்தியவர்களின் வழியாக, எக்ஸ்கோடுகோஸ்ட் என்ற மால்வேர் ஆப் ஸ்டோருக்குள்ளேயே நுழைந்தது. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் 2021இல் பயன்படுத்திய, ஐபோனின் ஐமெசேஜ் செய்திச் செயலியில் இருந்த ஓட்டைக்கு, பயனர் எதையும் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அது விலை மிகுந்த ஆயுதம். பத்திரிகையாளர், செயற்பாட்டாளர் போன்றோரைக் குறிவைத்து ஏவப்படுவது.

ஆகவே நான் இயங்குதளத்தின் பெயரைவிடப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். புதுப்பிப்பு நின்றுபோன பழைய ஐபோனைக் காட்டிலும், ஏழு ஆண்டு புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்ட பிக்சல் 8 அல்லது கேலக்ஸி எஸ்24 எனக்கு உகந்தது. உறவினரின் கைபேசியில் அந்தத் தேதி மூன்று ஆண்டு பழையதாக இருந்ததால், செயலியை நீக்கியதோடு நிறுத்தாமல் கைபேசியையே மாற்றச் சொன்னேன்.