இன்வர்னஸ் யானை

அன்புள்ள ஐயா,

கோடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஸ்காட்லாந்தின் இன்வர்னஸையும் பார்த்துவிட்டு வந்தோம். நகர மன்றக் கட்டடத்துச் சுவரில் ஊர்ச் சின்னத்தைக் கல்லில் செதுக்கிப் பதித்திருக்கிறார்கள். நடுவில் சிலுவையில் ஏசு, ஒரு பக்கம் ஒட்டகம், மறுபக்கம் யானை! கீழைநாட்டு வணிகத்தின் அடையாளம் என்றார் ஊர் சுற்றிக் காட்டியவர். கம்பெனிக் காலத்தில் நம் பக்கமிருந்து போன யானைதானே அது?

ஆர். எஸ்.

அன்புள்ள ஆர். எஸ்.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை, காலம் இடிக்கிறது. அந்தக் கல் நெஸ் ஆற்றின் மேல் 1680களில் கட்டிய பாலத்தில் இருந்தது. 1849 வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனது, கல் மட்டும் தப்பியது. அந்த வட்டாரத்து மலைநாட்டுக்காரர்கள், அதாவது ஹைலாண்ட்ஸ்காரர்கள், திரளாகக் கம்பெனி வேலைக்கு வந்ததெல்லாம் அடுத்த நூற்றாண்டில்தான். ஐரோப்பியச் சின்னங்களில் யானை அதற்கு முன்பே உண்டு. அதே ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் ஊர்ச் சின்னமே முதுகில் கோட்டை சுமக்கும் யானைதான்.

இதில் ஒரு வேடிக்கை. அங்கே ஊர்ச் சின்னத்தை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது. லார்ட் லயன் என்ற அரச அதிகாரி பதிவு செய்து தர வேண்டும். இன்வர்னஸுக்கு 1900இல் அப்படிக் கிடைத்தது. 1975இல் பழைய நகராட்சியைக் கலைத்தபோது சின்னமும் செல்லாமல் போயிற்று. 2000இல் மாநகரம் என்ற பட்டம் வந்தது, ஆனால் தனக்கென்று ஒரு மன்றம் இல்லாத ஊர் யார் பெயரில் சின்னம் வாங்கும்? யானை சுவரில் இருக்கிறது, சட்டத்தில் இல்லை.

அதே கட்டடத்தின் முன்னால், சந்தைச் சிலுவையின் அடியில் ஒரு முரட்டுக் கல்லைக் கவனித்தீர்களா? கிளாக்நகுடின் என்பார்கள். ஆற்றில் தண்ணீர் மொண்டு வரும் பெண்கள் தொட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய கல், நம்மூர்ச் சுமைதாங்கி மாதிரி. அந்தக் கல் இருக்கும்வரை ஊருக்குக் குறைவில்லை என்று நம்பிக்கை. உள்ளூர் கால்பந்து அணிக்குக்கூட அதன் பெயர்தான்.

சரி, நம் பக்கத்து அடையாளம்தான் வேண்டுமென்றால் இன்வர்னஸுக்கு வடக்கே ஆல்னஸ் வரை போக வேண்டும். அங்கே ஃபைரிஷ் குன்றின் மேல் வானத்தை வெட்டிக்கொண்டு கல் வளைவுகள் நிற்கின்றன. நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலை நினைத்து எழுப்பியது! எழுப்பியவர் அந்த வட்டாரத்து நிலக்கிழாரும் கம்பெனிப் படைத் தளபதியுமான சர் ஹெக்டர் மன்றோ. 1780இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் இன்னொரு கம்பெனித் தளபதி பெய்லியின் படை ஹைதர் அலியிடம் அழிந்தபோது, உதவிக்குப் போகாமல் பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினாரே, அவரேதான். மறு ஆண்டு டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். காஞ்சிபுரத்தை நினைத்து ஒன்றும் கட்டவில்லை.

ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுக்கத்தான் கட்டினார் என்பார்கள். கூலி நாட்கள் கூடட்டும் என்று கற்களை மறுபடி அடிவாரத்துக்கு உருட்டிவிட்டாராம். கதையாகவே இருக்கட்டும். அந்தக் கூலிப் பணம் பெரும்பாலும் இங்கே சம்பாதித்தது என்பதை மட்டும் அந்தக் கதை சொல்வதில்லை.

அடுத்த முறை போகும்போது யானையை விட்டுவிட்டு அங்கே ஏறிப் பாருங்கள். ஏற்றம் இருக்கிறது, நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.