சீஸ் உள்ளூர், ஒயின் விருந்தாளி: ஆம்ஸ்டர்டாம் கால்வாய்ப் படகில் ஏறும் முன்

கேள்வி: ஏப்ரல் கடைசி வாரம் மனைவி, அம்மா, 15 வயது மகனோடு ஆம்ஸ்டர்டாம் போகிறோம். மூன்று நாள் தங்கல். கால்வாயில் படகில் போய்க்கொண்டே உள்ளூர் சீஸும் ஒயினும் ருசி பார்க்கலாம் என்று நிறைய விளம்பரம் வருகிறது. சாதாரணப் படகுக்கு ஆகும் செலவைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு கேட்கிறார்கள். அம்மா சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். முழங்கால் வலியும் உண்டு. எனக்கு ஒயின் பழக்கமில்லை, மனைவிக்கு ஒரு கிளாஸ் குடித்துப் பார்க்க ஆசை. இந்தப் பணத்தைக் கொடுக்கலாமா? எந்தப் படகைப் பார்த்து எடுப்பது?

பதில்: கொடுக்கலாம். ஆனால் ஒயினை நம்பிக் கொடுக்காதீர்கள். விளம்பரத்தில் ‘உள்ளூர்’ என்ற சொல் சீஸ், ஒயின் இரண்டுக்கும் முன்னால் ஒய்யாரமாக நிற்கும். பெரும்பாலான படகுகளில் அது சீஸுக்கு மட்டும்தான் பொருந்தும். நெதர்லாந்தில் திராட்சையே விளையாது என்று இல்லை. தெற்குக் கோடியில் லிம்பர்க் மாகாணத்தில், மாஸ்ட்ரிக்ட் நகரை ஒட்டிய மேட்டு நிலங்களில் நல்ல வெள்ளை ஒயின் செய்கிறார்கள். ஆனால் விளைச்சல் கொஞ்சம், விலை கூடுதல். படகில் ஊற்றுவது பெரும்பாலும் பிரான்சிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வந்த பாட்டில்தான். அதில் தப்பொன்றும் இல்லை. தெரிந்துகொண்டு ஏறினால் ஏமாற்றமும் இல்லை. டச்சு மண்ணின் மதுதான் வேண்டுமென்றால் அது ஜூனிப்பர் என்ற சிறு காயின் வாசம் போட்ட யெனேவர். ஆனால் முதல் தடவை குடிப்பவருக்கு அது கொஞ்சம் முரட்டுச் சாராயம்.

ஆக, படகை எடைபோட வேண்டியது சீஸ் தட்டை வைத்து. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எத்தனை ‘வகை’ என்று போட்டிருக்கிறார்கள் என்பதல்ல, எத்தனை ‘வயது’ என்று. ஒருமுறை ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ‘ஐந்து வகை சீஸ்’ என்று போட்ட படகில் ஏறினேன். தட்டு வந்தது: பச்சை, சிவப்பு, ஊதா, மஞ்சள், இன்னொரு மஞ்சள். ஐந்தும் ஒரே இளம் சீஸ்தான். ஒன்றில் துளசி, ஒன்றில் தக்காளி, ஒன்றில் லாவெண்டர். ஃபோட்டோவுக்கு அழகு, வாய்க்கு ஒன்றுமில்லை. பதிவு செய்யும் பக்கத்தில் வண்ண வண்ணமாக சீஸ் படம் இருந்தால் அடுத்த படகைப் பாருங்கள்.

நல்ல தட்டில் கௌடா என்ற டச்சு சீஸே மூன்று வயதிலாவது, அதாவது பழுக்க வைத்த காலம் வேறு வேறாக, இருக்கும். (டச்சுக்காரர்கள் ‘ஹௌடா’ என்று தொண்டையைக் காறிச் சொல்வார்கள். அந்தச் சீஸ் கௌடா ஊரில் மட்டும் செய்ததல்ல. சுற்றுவட்டாரத்தில் செய்ததை அந்த ஊர்ச் சந்தையில் விற்றதால் பெயர் ஒட்டிக்கொண்டது.) ‘யோங்’ என்றால் இளசு, நாலு வாரம். வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும், பெரிதாக வாசம் இருக்காது. ‘பெலேகன்’ நாலு மாதம், உப்பும் சுவையும் ஏறியிருக்கும். ‘அவுட்’ பத்து மாதத்துக்கு மேல். பட்டியலில் அவுட் என்று பார்த்துவிட்டுத் தீர்ந்துபோச்சு என்று நினைக்க வேண்டாம், டச்சில் அதற்குப் ‘பழையது’ என்று பொருள். ஒரு வருடத்தைத் தாண்டியது ‘ஓவர்யாரிக்’. வெட்டினால் உடைந்து உதிரும். வாயில் வைத்தால் முதலில் உப்பு, அப்புறம் மெதுவாகக் காய்ச்சிய பாகின் இனிப்பு. நடுவில் நறநறவென்று கடிபடும்.

என் அத்தை அதைக் கடித்துவிட்டு, “ஏம்ப்பா, கல்லு கிடக்குதே!” என்று துப்பப் போனார். கல் இல்லை. சீஸ் பழுக்கப் பழுக்க அதிலுள்ள புரதம் உடைந்து, டைரோசின் என்ற அமினோ அமிலம் வெள்ளைப் பரலாகச் சேரும். நல்ல வயதான சீஸுக்கு அதுதான் அடையாளம். அதே தட்டில் இன்னொரு துண்டைக் கடித்தவர் முகம் மலர்ந்தது. “இது நம்ம சீரகம்டா!” லெய்டன் பக்கத்துச் சீஸில் முழுச் சீரகம் போடுவார்கள். வடக்கே ஃபிரீஸ்லாந்தில் கிராம்பும் சேர்ப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு சீஸ் புதுசு என்றால் இந்தச் சீரக சீஸில் தொடங்கச் சொல்லுங்கள், பாதி தயக்கம் போய்விடும்.

சாப்பிடும்போது இரண்டு விஷயம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சீஸுக்கு ருசி தெரியாது. தட்டு சில்லென்று வந்தால் அவசரப்படாமல் கால் மணி நேரம் மேஜையில் விடுங்கள், அல்லது துண்டை விரல்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் பிடித்திருங்கள். லேசாக எண்ணெய் பளபளப்பு தெரிந்தால் வாயில் போடலாம். அடுத்து, இளசிலிருந்து பழசுக்குப் போங்கள். பழசை முதலில் தின்றால் இளசு வெறும் ரப்பர். ஓரத்தில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ பூசியிருக்கும் தோலைத் தின்ன வேண்டாம், அது மெழுகு அல்லது பிளாஸ்டிக் பூச்சு. பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் அதைப் பொறுமையாக மென்று விழுங்கியதைப் பார்த்திருக்கிறேன். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

சரி, அம்மாவின் சைவம். இதுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான பகுதி. படகுக்காரர்கள் ‘வெஜிடேரியன்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். பாலைத் திரிய வைக்க ரென்னெட் என்ற நொதி வேண்டும். பாரம்பரியமாக அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது, இன்றும் நிறைய டச்சு சீஸ்களில் அதுதான். ஐரோப்பாவில் சாதாரணமாக ‘வெஜிடேரியன்’ என்றால் இறைச்சி, மீன் இல்லை என்ற அளவில்தான் பேச்சு. பரிமாறுகிறவர் மனதார “ஆமாம், வெஜிடேரியன்தான்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, கேள்வி அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். அதனால் பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் ஆங்கிலத்திலேயே கேளுங்கள்: உங்கள் சீஸில் விலங்கு ரென்னெட்டா, நுண்ணுயிர் ரென்னெட்டா? கடையில் சீஸ் வாங்கும்போது உறையில் ‘ஸ்ட்ரெம்ஸல்’ என்ற சொல்லைத் தேடுங்கள், டச்சில் ரென்னெட்டுக்கு அதுதான் பெயர். முன்னால் ‘வேகெதாரிஸ்’ அல்லது ‘மிக்ரோபியேல்’ என்று இருந்தால் அம்மா சாப்பிடலாம். ‘டீர்லெக்’ என்றால் விலங்கு.

முட்டை தொட மாட்டார் என்றீர்களே, அதற்கும் ஒரு கண் வேண்டும். சில சீஸ்களில் பழுக்கும்போது ஊதி வெடிக்காமல் இருக்க லைசோசைம் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது முட்டை வெள்ளையிலிருந்து எடுப்பது. உறையில் இ 1105 என்றோ, ‘எய்’ என்றோ போட்டிருக்கும். எய் என்றால் டச்சில் முட்டை. ஒவ்வாமைக்காக இதைக் கட்டாயம் எழுதியாக வேண்டும் என்பதால் படகுக்காரர் உறையைப் பார்த்துச் சொல்லிவிட முடியும். இரண்டு கேள்விக்கும் தெளிவாகப் பதில் எழுதும் நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். “கவலை வேண்டாம், எங்களிடம் எல்லாம் உண்டு” என்று பதில் வந்தால் அதைப் பதில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து முழங்கால். விளம்பரப் படங்களில் வருவது பெரும்பாலும் ‘ஸ்லூப்’ என்ற சின்னத் திறந்த படகு. பத்துப் பன்னிரண்டு பேர், மெத்தை போட்ட பெஞ்சு, தலைக்கு மேல் வானம். அழகுதான். ஆனால் கரையிலிருந்து இறங்க அகலமாக ஒரு கால் எடுத்து வைக்க வேண்டும், படகு அந்த நேரம் பார்த்து அசையும், கழிப்பறை இருக்காது. ஏப்ரல் மாலையில் தண்ணீர் மேல் வீசும் காற்று பத்து டிகிரிக்கும் கீழாகத் தோன்றும். போர்வை கொடுப்பார்கள், போதாது. அம்மாவுக்கு ஏற்றது கண்ணாடிக் கூரை போட்ட பெரிய படகு. நாலைந்து படி, கைப்பிடி, முன்னால் மேஜை, பல படகுகளில் கழிப்பறையும் உண்டு. ஃபோட்டோவில் கண்ணாடிப் பிரதிபலிப்பு விழும், மழை பெய்தால் உள்ளே ஆவி படியும். இந்தக் குறையோடும் நான் அதைத்தான் எடுப்பேன். முன்கூட்டிப் போய்ப் படிக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்துவிடுங்கள். கழிப்பறை உண்டா என்பதையும் அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடலாம்.

ஏறும் இடத்தையும் பாருங்கள். மத்திய ரயில் நிலையம் எதிரே, ஆன் ஃபிராங்க் இல்லத்தின் அருகே, ரைக்ஸ் மியூசியம் பக்கம் என்று படகுத்துறைகள் பல. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு மூன்று துறை இருக்கும். துறை மாறிப் போய் நின்று, தங்கள் படகு நகர்வதை எதிர்க்கரையிலிருந்து பார்த்தவர்கள் நிறைய.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏப்ரல் 27 மன்னர் பிறந்தநாள். (அது ஞாயிறு என்றால் 26 அன்று கொண்டாடுவார்கள்.) ஊர் முழுக்க ஆரஞ்சு நிறம், கால்வாய் முழுக்கக் கூச்சலும் பாட்டுமாகத் தனியார் படகுகள். அன்று வழக்கமான சுற்றுலாப் படகுகள் பலவும் ஓடாது, ஓடினாலும் அம்மாவோடு போகிற பயணம் அல்ல. அன்றைக்குக் கரையில் நின்று வேடிக்கை பாருங்கள், படகை வேறு நாளுக்கு வையுங்கள். மகனுக்கு அந்தக் கூத்து நிச்சயம் பிடிக்கும்.

நேரம்? ஏப்ரல் கடைசியில் அங்கே சூரியன் மறையவே இரவு ஒன்பது மணி ஆகிவிடும். ஆறு மணிப் படகில் ஏறினால் பட்டப்பகல் வெளிச்சம்தான். ஏழரையை ஒட்டிக் கிளம்பும் ஒன்றரை மணி நேரப் பயணம் கிடைத்தால் விடாதீர்கள். வழி நெடுகச் செங்கல் வீடுகள் மேல் சாய்ந்த வெயில் விழும், இறங்கும் நேரத்துக்குச் சூரியன் மறையும். ஒரு மணி நேரப் பயணம் சீஸ் ருசிக்குப் போதாது. தட்டு வருவதற்குள் பாதி வழி போயிருக்கும்.

வழியில் பார்ப்பதற்குத் தலையை மேலே தூக்க வேண்டும். 1613-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் வளையம் இது, 2010-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்று மூன்று கால்வாய்கள் ஒன்றையொன்று அணைத்தபடி வளைந்து போகும். வீட்டு உச்சியில் ஒரு உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் கொக்கி. படிக்கட்டு ஆள் ஏறவே சிரமப்படும் அளவு குறுகல் என்பதால், கட்டிலும் பீரோவும் இன்றைக்கும் அந்தக் கொக்கியில் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் பல வீடுகளுக்குள் போகின்றன. முகப்பு தெருப் பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள், தூக்கும் சாமான் சுவரில் இடிக்காமல் இருக்க அப்படிக் கட்டினார்கள். ரெகுலியர்ஸ்கிராக்ட் முனையில் ஏழு பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இடம் வரும். படகோட்டி அங்கே வேகத்தைக் குறைப்பார், அப்போது தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஒயின் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனைவி ஒரே ஒரு கிளாஸ்தான் என்றால் வெள்ளை கேட்கச் சொல்லுங்கள், ரீஸ்லிங் கிடைத்தால் நல்லது. துவர்ப்பான சிவப்பு ஒயின் இளம் சீஸோடு சேர்ந்தால் வாயில் கசப்பு தங்கும். சிவப்போ போர்ட் ஒயினோ பழைய கௌடாவுக்குத்தான் ஜோடி. முதலில் சீஸை மென்று, வாயில் அது கரையும்போது ஒரு மிடறு. உங்களுக்கும் அம்மாவுக்கும் ஆப்பிள் ஜூஸ். இது சமாதானத்துக்குச் சொல்வதல்ல, அதன் புளிப்பும் இனிப்பும் பழைய கௌடாவோடு பல ஒயின்களைவிட நன்றாகச் சேரும். மது இல்லாதவருக்குக் கட்டணம் குறைவா என்று கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் உண்டு. மகனுக்கு ஒரு சொட்டும் கிடையாது. 2014 முதல் அங்கே 18 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. சில மாலைப் படகுகள் பெரியவர்களுக்கு மட்டும் என்பதால், அவன் வயதைப் பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

ரென்னெட் கேள்விக்கு எந்தப் படகும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று வையுங்கள். அப்போது சாதாரணப் படகிலேயே நால்வரும் ஏறிச் சுற்றிவிட்டு, சீஸ் கடையில் உறையைப் படித்து மூன்று வயதிலும் நூறு நூறு கிராம் வெட்டி வாங்குங்கள். கடுகு சாஸ் ஒரு சின்ன பாட்டிலும் சேர்த்து வாங்குங்கள், டச்சுக்காரர்கள் சீஸ் துண்டை அதில் தொட்டுத்தான் சாப்பிடுவார்கள். கால்வாய்க் கரையில் பெஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஒயினை மட்டும் அங்கே திறக்காதீர்கள், நகர மையத்தில் பல இடங்களில் தெருவில் மது குடிக்கத் தடை உண்டு, பிடித்தால் அபராதம். மனைவியின் அந்த ஒரு கிளாஸை ஏதாவது ஒரு கஃபேயின் வெளி மேஜையில் வைத்துக்கொள்ளலாம்.