வேலூரில் பழைய காரை விற்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

டிங்கரிங் பெயின்டிங்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆர்சியை (பதிவுச் சான்றை) எடுங்கள். லோன் முடிந்தும் அதில் பைனான்ஸ் பெயர் நிற்கிறதா? வங்கியில் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் வாங்கி அதை நீக்குங்கள். நிலுவை அபராதம், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சரியா என்றும் பாருங்கள்.

உள்ளூர் ஆள் வாங்கினால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 போதும். காட்பாடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆந்திரா என்பதால் சித்தூர்க்காரரும் வருவார். அப்போது கூடவே படிவம் 28 கொடுத்து ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் நீட்டாதீர்கள். என் மச்சான் அப்படித்தான் கொடுத்தார். எட்டு மாதம் கழித்தும் அபராத மெசேஜ் அவர் போனுக்கே வந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வண்டியைப் பொறுத்தவரை, நல்ல வாட்டர் வாஷ் போதும். சின்னக் கீறலை மறைக்கப் பெயின்ட் அடித்தால் வாங்குபவர் கதவை விரலால் தட்டிப் பார்த்து, 'அடிபட்ட வண்டியா?' என்பார். ஆனால் ஏசி கட்டாயம் வேலை செய்ய வேண்டும். நம்மூர் வெயிலில் அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள்.

சாவி கொடுக்கும் முன் பாஸ்டேகை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் பள்ளிகொண்டா டோலில் அவர் போக, காசு உங்கள் கணக்கிலிருந்து போகும்.