வெளுத்த ஈரல்

அன்புள்ள ஐயா,
ஆங்கிலத்தில் 'லில்லி லிவர்டு' என்று ஒரு பழைய வசை உண்டு. ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் பார்த்தேன். லில்லிப் பூவுக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்? தமிழில் 'கோழை' என்று போட்டால் போதுமா? நடுங்கிக்கொண்டு வரும் அந்த வேலைக்காரப் பையனுக்குப் பொருத்தமான வசைதான்.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். பத்து நாளாக அந்தப் பையன்தான் என் மனதிலும் நிற்கிறான்.

முதலில் ஈரல். சாப்பாட்டை ரத்தமாக்குவது ஈரல்தான் என்று பழைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதை ஐரோப்பா நூற்றாண்டுக் கணக்கில் நம்பியது. ஆங்கில மருத்துவர் ஹார்வி ரத்த ஓட்டத்தை விளக்கி எழுதியது 1628-இல்தான். ரத்தம் இருக்கும் இடத்தில் துணிச்சலும் இருக்கும், ரத்தம் வற்றிய ஈரல் லில்லிப் பூவாக வெளுத்துவிடும் என்று நினைத்தார்கள். அம்மா ஆட்டீரலை அலசும்போது பார்த்திருக்கிறேன். முதல் தண்ணீர் கருஞ்சிவப்பாக ஓடும், நாலாவது தண்ணீரில் ஈரலின் விளிம்பு வெளிறியிருக்கும். நாமும் ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோமே! 'கோழை' என்று போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

ஆனால் 'பொருத்தமான வசை' என்கிறீர்களே, காட்சியை ஒழுங்காகப் படித்தீர்களா? எனக்குக் கோபம்தான் வருகிறது. 'இனி எந்தச் செய்தியும் கொண்டுவராதீர்கள்' என்று கத்துவது யார்? ராஜா மெக்பெத். பெண் வயிற்றில் பிறந்தவன் எவனும் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வது யார்? அவனேதான். பையனை விரட்டிய அடுத்த நொடியே மனசு சரியில்லை என்கிறான். பயம் முழுக்க அவனுடையது. அதைப் பையனின் முகத்தில் பார்த்துவிட்டான், அதனால்தான் வசை.

பதினொரு வயதில், கண்மாய்க் கரை கசிகிறது என்று சொல்ல ராத்திரியில் பெரியப்பாவிடம் ஓடினேன். பல் தந்தியடித்தது. "பயந்தாங்கொள்ளி, போய்த் தூங்குடா" என்றார். திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். விடிந்தபோது வயலில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. அவர் அதற்கப்புறம் என் முகத்தை நேராகப் பார்க்கவே பல நாள் ஆயிற்று. இருட்டில் தனியாக அந்தக் கரை வரைக்கும் போய்ப் பார்த்தவன் நான், தம்பி.

அந்தப் பையனும் அப்படித்தான். பத்தாயிரம் பேர் வருகிறார்கள் என்று சொல்ல வருகிறான். வாத்துகளா என்று கேட்கிறான் ராஜா. முகத்தைக் குத்தி ரத்தத்தால் சிவப்பாக்கிக்கொள் என்கிறான், ஈரல் வெளுத்த பயலே என்கிறான். அத்தனையும் வாங்கிக்கொண்டு, யாருடைய படை என்று கேட்டதும் பையன் சொல்லிவிடுகிறான்: "இங்கிலாந்துப் படை, ஐயா."