மழைக்காலம் போனதும் கழலும் எபாக்சி: பசையை மாற்றுவதால் பயனில்லை

கேள்வி: திருவொற்றியூரில் சிறு பட்டறை நடத்துகிறேன். படகுகளுக்கு அலுமினியத் தகடுகளும் பொன்னிறப் பெயரெழுத்துகளும் எபாக்சியால் ஒட்டித் தருகிறேன். ஒட்டும்போது சுத்தியலுக்கும் அசையாதவை, ஒரு மழைக்காலம் போனதும் கையோடு வந்துவிடுகின்றன. பாரிமுனையில் ஒரு தரகர் ‘நானோ பூச்சு’ பாட்டில் தருகிறார். மூன்று கை பூசச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் கழன்ற தகட்டைத் திருப்பிப் பாருங்கள். இரு பக்கமும் பசை இருந்தால் கோளாறு பசையில். கலவை விகிதத்தைச் சரிபாருங்கள். பசை முழுவதும் ஒரு பக்கம் போய், மறுபக்கம் அலுமினியம் பளிச்சென்று தெரிந்தால், பிடிமானம்தான் விட்டிருக்கிறது.

அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். ஈரம் விளிம்பு வழியே நுழைந்து, அங்கிருந்து பசையைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். இதற்கு மருந்து சிலேன் என்ற வேதிப்பொருள். அதன் ஒரு முனை ஆக்சைடைப் பற்றும், மறுமுனை எபாக்சியோடு பிணையும். சில மூலக்கூறுகளின் கனமே போதும். மூன்று கை பூசினால் நடுவே நொறுங்கும் அடுக்குதான் மிஞ்சும்.

தரகரின் பாட்டிலில் பெயருமில்லை, தேதியுமில்லை என்றால் அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. தண்ணீரில் கலந்த சிலேன் தனக்குள்ளேயே பிணைந்து கெட்டுவிடும். அன்றன்று கலந்து அன்றே தீர்க்க வேண்டும். மூடி உடைக்காத, தயாரிப்பு எண்ணுள்ள கிளைசிடாக்சிபுரோப்பைல் டிரைமீத்தாக்சி சிலேனைக் கேட்டு வாங்குங்கள்.

அசிட்டோனால் பிசுக்கெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி துடையுங்கள். தின்னர் வேண்டாம். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் ஒரே விரிப்பாகப் பரவ வேண்டும், அதுவரை விடாதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் 1 சதவீதம் சிலேன், அசிட்டிக் அமிலத்தால் பி.எச். 5, ஒரு மணி நேரம் கலக்குங்கள். மெத்தனால் ஆவி வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பத்து நிமிடம் நனைத்து, வடியவிட்டு, சுமார் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, அன்றே ஒட்டுங்கள். எண்ணூர்க் காற்றின் உப்பு இரவுக்குள் தகட்டில் படிந்துவிடும்.

பெயரெழுத்துகள் விஷயம் வேறு. பொன்னிற அலுமினியமென்றால் மேலே சொன்னதே. உண்மையான தங்க முலாம் என்றால் சிலேன் பிடிக்காது. தங்கத்தின் மேல் பற்றிக்கொள்ள ஆக்சைடே இல்லை. அங்கே கந்தக முனையுள்ள தயால் மூலக்கூறுகள்தான் ஒட்டும். கந்தகச் சேர்மங்கள் தங்கத்தைப் பற்றுவதை 1983-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சௌகார்ப்பேட்டையில் முலாம் போட்டவரிடமே கேளுங்கள், பித்தளையா, முலாமா, வெறும் நிறமா என்று. ‘கோல்டு ஃபினிஷ்’ என்ற சொல்லை நம்பாதீர்கள்.

வேலை கொடுப்பவர்களின் தாள்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. கடலில் மிதக்கப்போகும் தகட்டுக்கு உலர்ந்த நிலை இழுவிசைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதில் மோசமான ஒட்டும் தேறிவிடும்! நீங்களே சோதியுங்கள். 3 மி.மீ. தகடுகளை ஜோடி ஜோடியாக ஒட்டுங்கள், சிலேனோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. இறுகியதும் ஓரத்தில் துருப்பிடிக்காத எஃகு ஆப்பு அடித்து, விரிசல் நுனியில் கோடு போட்டு, 50 டிகிரி வெந்நீரில் வையுங்கள். மறுநாள் காலை இரண்டிலும் விரிசல் கோட்டைத் தாண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அளந்து பாருங்கள்.