டொக்டரிடம் கேளுங்கள்: மறுபடியும் முதுகில் ஊசியா?

கேள்வி: டொக்டர், மகன் சீசர் செய்துதான் பிறந்தான். முதுகில் ஊசி போட்டார்கள். அடுத்த நாளிலிருந்து எழும்பி உட்கார்ந்தாலே தலை வெடிக்கிற மாதிரி வலி, படுத்தால் இல்லை. ஒரு கிழமை பட்டேன். இப்போது ஏழு மாதம், மறுபடியும் சீசர்தானாம். முழு மயக்கம் கேட்கலாமா? அந்த ஊசியால் கொழுந்துக் கூடை தூக்க ஏலாமல் போகும் என்று லயத்தில் பயமுறுத்துகிறார்கள்.
வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நரம்பைச் சுற்றியுள்ள சவ்வில் ஊசி போட்ட துளை வழியாக உள்ளிருக்கும் நீர் கசிந்தால் இந்தத் தலைவலி வரும். எழும்பினால் கூடும், படுத்தால் குறையும். இப்போதைய மெல்லிய ஊசிகளில் இது குறைவு. வந்தாலும் பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள், வார்ட்டிலேயே சொல்லுங்கள். பரசிட்டமோல், நிறையத் தண்ணீர், கெஃபீன் இருப்பதால் பிளேன்டீயும் கொஞ்சம் உதவும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பதைக் கேட்டால் எனக்கு மனம் பதறும். அப்படியும் குறையாவிட்டால் உங்கள் கையிலிருந்தே சுமார் 20 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, ஊசி போட்ட இடத்தருகே செலுத்துவோம். அது உறைந்து துளையை அடைக்கும். பலர் அன்றைக்கே எழும்பி உட்கார்ந்து பால் கொடுப்பார்கள்.

முழு மயக்கம் நீங்களாகக் கேட்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்குத் தொண்டை வீங்கியிருப்பதால் சுவாசக் குழாய் வைப்பது சிரமம். இரைப்பையில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகவும் கூடும். அவசரத்துக்கும், முதுகில் ஊசி போட முடியாதவர்களுக்குமே அதை வைத்திருக்கிறோம். ஊசி போட்டதும் பிரஷர் இறங்கி, குமட்டலும் தலைச்சுற்றும் வரலாம். தியேட்டரில் மயக்க மருந்து டொக்டர்களாகிய நாங்கள் நிற்பது உங்கள் தலைமாட்டில்தான். வாய்விட்டுச் சொல்லுங்கள், உடனே மருந்து ஏற்றுவோம்.

சரி, கூடை. ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். நாள்பட்ட இடுப்பு வலி சுகப் பிரசவம் கண்டவர்களுக்கும் வருகிறது. ஆறு கிழமையாவது பாரம் தூக்கக்கூடாது என்பது வயிற்றுத் தையலுக்காக.

அடுத்த கிளினிக்குக்குப் பழைய கார்டைக் கொண்டுபோய், போன முறை வந்த தலைவலியைச் சொல்லி, மயக்க மருந்து டொக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகு தலைவலியுடன் காய்ச்சல், கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், வலிப்பு எது வந்தாலும், அல்லது கால் மரத்தாலும், விடியட்டும் என்று இருக்காமல் 1990க்கு எடுங்கள். அந்த ஆம்புலன்ஸுக்குக் காசு இல்லை.